ஒரு நாளில் எத்தனை சண்டை? டி அண்ட் டி கிளாஸ்களின் பலத்தை அளக்கும் கணக்கு

குகைக்குள் எட்டு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்), அவற்றுக்குப் பின்னால் இரண்டு ஓகர்கள் (ராட்சதர்கள்). எங்கள் குழுவில் நான்கு பேர், எல்லாரும் 5ஆம் லெவல். ஃபைட்டராக, அதாவது வாள்வீரராக ஆடும் நண்பர் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டினார். இரண்டு வெட்டு, இரண்டு கோப்ளின் காலி. மேஜையைச் சுற்றி ஆரவாரம். அடுத்தது மந்திரவாதியான விசார்டின் முறை. "ஃபயர்பால்" என்று சொல்லி, எட்டுப் பகடைகளை உள்ளங்கையில் குலுக்கிப் போட்டார். கூட்டிப் பார்த்தால் 31. மிச்சமிருந்த ஆறு கோப்ளின்களும் சாம்பல். ஓகர்கள் இரண்டும் பாதி உயிரோடு தள்ளாடின. ஃபைட்டர் நண்பர் தன் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்போ நான் எதுக்குப்பா இங்க?"

கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டராக எதிரில் உட்கார்ந்திருந்த என்னால் அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி என்ற கதாபாத்திர விளையாட்டை ஆடும் எல்லா மேஜையிலும் என்றாவது ஒருநாள் எழும் கேள்விதான் இது. எந்தக் கிளாஸ், அதாவது எந்தக் கதாபாத்திர வகை சண்டையில் பலம்? ஃபைட்டரா, விசார்டா, பாலடினா? அப்புறம் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பழைய பதிப்புகளின் விதிகளையும் புரட்டினேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: இரண்டு தூக்கத்துக்கு நடுவே எத்தனை சண்டை நடக்கிறது என்று சொல்லாமல் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. அந்த எண் மாறினால் பலசாலியும் மாறிவிடுகிறார்.

கணக்குக்கு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலானவர்களுக்குப் பழக்கமானவை அவைதான். விளையாடாதவர்களுக்காக ஒரு வரி: தாக்குபவர் இருபது முகப் பகடையை உருட்டி, தன் திறனுக்கான எண்ணைக் கூட்டுவார். அது எதிரியின் ஆர்மர் கிளாஸை, அதாவது ஏசியைத் தொட்டால் அடி விழும். விழுந்த அடிக்கு வேறு பகடைகளை உருட்டி, வரும் எண்ணை எதிரியின் உயிரளவான ஹிட் பாயின்ட்டிலிருந்து கழிப்போம். ஒருவர் விடாமல் எல்லாரும் ஒருமுறை ஆடி முடித்தால் ஒரு சுற்று.

5ஆம் லெவல் ஃபைட்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலிமைக்கு +4, பயிற்சிக்கு +3, ஆக +7. கையில் கிரேட்சோர்ட். அதன் சேதம் இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. வலிமையையும் சேர்த்தால் 11. எதிரியின் ஏசி 15 என்றால் பகடையில் 8 முதல் 20 வரை எது வந்தாலும் அடி விழும். இருபதில் பதின்மூன்று வாய்ப்பு, 65 சதவீதம். 20 விழுந்தால் கிரிட்டிக்கல், ஆயுதப் பகடை இரட்டிப்பாகும். 5ஆம் லெவலில் ஒரு முறைக்கு இரண்டு அடி உண்டு. இதையெல்லாம் கூட்டிப் பெருக்கினால் ஒரு சுற்றுக்குச் சராசரி 15 சேதம். இதைத்தான் ஆட்டக்காரர்கள் டிபிஆர் (டேமேஜ் பெர் ரவுண்ட்) என்கிறார்கள். கிளாஸ்களை ஒப்பிடும் வாதங்களில் பாதி இந்த ஒரே எண்ணை வைத்துத்தான் நடக்கிறது.

இந்த எண்ணுக்குள்ளேயே ஒரு பள்ளம் இருக்கிறது. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்டை, அதாவது கூடுதல் தனித்திறனை எடுத்த ஃபைட்டர், குறியில் (அந்த +7இல்) 5 குறைத்துக்கொண்டு சேதத்தில் 10 கூட்டிக்கொள்ளலாம். கேட்டவுடன் வாய் ஊறும். ஏசி 15க்கு எதிரே அடி விழும் வாய்ப்பு 40 சதவீதமாகக் குறைகிறது, ஆனால் விழுந்தால் 21. சராசரி 17.5க்கு ஏறுகிறது, லாபம்தான். அதே ஃபைட்டரை ஏசி 18 உள்ள, முழுக் கவசம் போட்ட எதிரியின் முன்னால் நிறுத்துங்கள். ஃபீட்டைப் பயன்படுத்தாமல் அடித்தால் சராசரி 11.7, பயன்படுத்தினால் 11.2. இப்போது நஷ்டம். ஒரே ஆள், ஒரே வாள், எதிரியின் சட்டை மட்டும்தான் மாறியிருக்கிறது. "இந்த ஃபீட் எடுத்தால் டிபிஆர் இத்தனை" என்று யாராவது ஒரே எண்ணை நீட்டினால், எந்த ஏசிக்கு எதிரே என்று முதலில் கேளுங்கள்.

ஒளிந்து தாக்கும் ரோக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தக் கிளாஸுக்கு ஒரு முறைக்கு ஒரே அடிதான், ஸ்னீக் அட்டாக்கில் 5ஆம் லெவலுக்கு மூன்று ஆறுமுகப் பகடை கூடுதல். ரேப்பியர் வாளோடு சேர்த்து ஒரு குத்துக்கு 19. ஏசி 15க்கு எதிரே சராசரி 13 சொச்சம். ஒளிந்திருந்து தாக்கினால், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் சலுகை கிடைத்தால், 18ஐத் தொடும். ஃபைட்டருக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். ஆனால் ரோக்கின் அந்த ஒரு குத்து தவறினால் சுற்று முழுவதும் வீண். ஃபைட்டருக்கு முதல் வெட்டு தவறினாலும் இரண்டாவது மிச்சமிருக்கிறது. சராசரியில் தெரியாத இந்த வித்தியாசம் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

இனி விசார்ட். ஃபயர்பால் 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லாரையும் தொடும். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28, எதிரி பகடை உருட்டித் தப்பித்தாலும் பாதி. கோப்ளினின் ஹிட் பாயின்ட் 7தான். தப்பித்த கோப்ளினுக்கும் சராசரியாக 14 விழுகிறது என்றால் அது தப்பித்ததே இல்லை. நடுத்தரமான எதிரிகள் மூன்று பேர் ஃபயர்பாலில் மாட்டினால் மொத்தம் சுமார் 71 சேதம். ஃபைட்டரின் 15 எங்கே, இது எங்கே!

ஆனால் 5ஆம் லெவல் விசார்டிடம் ஃபயர்பால் போடக்கூடிய மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டுதான். ஒரு மந்திரம் போட்டால் ஒரு ஸ்லாட் செலவு. ஒரு மணி நேர இளைப்பாறலான ஷார்ட் ரெஸ்ட்டில் ஆர்க்கேன் ரிகவரி என்ற திறன் மூலம் இன்னொன்றைத் திரும்பப் பெறலாம், நாளுக்கு ஒருமுறை மட்டும். இரண்டாம் லெவலில் மூன்று ஸ்லாட், முதல் லெவலில் நான்கு. அவையும் தீர்ந்தால் கையில் இருப்பது ஃபயர் போல்ட் மாதிரியான, ஸ்லாட் செலவாகாத கேன்ட்ரிப்தான். அதற்குச் சராசரி 7.7, ஃபைட்டரில் சரிபாதி. ஃபைட்டர் அன்றாடம் உழைத்துச் சம்பாதிக்கிறவர். விசார்ட் கையிருப்பைச் செலவழிக்கிறவர்.

இந்த இருவரையும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சண்டைக்கு நான்கு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரிகளின் ஏசி 15, ஒவ்வொரு ஃபயர்பாலிலும் மூன்று பேர் மாட்டுகிறார்கள். நாளில் ஒரே ஒரு சண்டைதான் என்றால் ஃபைட்டர் 60 சேதம் செய்வார், ஒரு சுற்றில் இரட்டிப்பாகத் தாக்கவிடும் ஆக்‌ஷன் சர்ஜில் ஒரு 15 கூடும், ஆக 75. விசார்ட் இரண்டு ஃபயர்பால், இரண்டு ஸ்கார்ச்சிங் ரே போட்டு 172 சேர்ப்பார். இரண்டு மடங்குக்கும் மேல். என் நண்பர் கேட்ட கேள்வி நியாயம்தான் என்று இந்த எண்களே சொல்கின்றன.

நாளில் மூன்று சண்டை, நடுவில் ஒரு ஷார்ட் ரெஸ்ட் என்றால் ஃபைட்டர் 210, விசார்ட் 316. இடைவெளி சுருங்குகிறது. ஆறு சண்டை, நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட். ஃபைட்டர் 405. விசார்ட் மூன்று ஃபயர்பால், மூன்று ஸ்கார்ச்சிங் ரே, நான்கு மேஜிக் மிஸைல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து, மீதிப் பதினான்கு சுற்றும் ஃபயர் போல்ட் எறிந்து 408. இந்த எண் வந்ததும் நான் மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் பார்த்தேன். சரிதான். இருபத்து நான்கு சுற்று ஓடி முடித்தால் இருவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

இது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். 2014இன் டன்ஜன் மாஸ்டர் கையேடு, ஒரு சாகச நாளில் ஒரு குழு நடுத்தர அல்லது கடினமான சண்டைகள் ஆறு முதல் எட்டு வரை தாங்கும் என்றும், இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் தேவைப்படும் என்றும் சொல்கிறது. கிளாஸ்களின் எடை அந்த நாளை வைத்துத்தான் நிறுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் யார் மேஜையில் ஒரு நாளைக்கு ஆறு சண்டை நடக்கிறது? வேலை முடித்து வந்து மூன்று மணி நேரம் ஆடுகிற குழுவுக்கு ஒரு சண்டையே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஒரு அமர்வுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அது முடிந்ததும் "கூடாரம் போட்டுத் தூங்குகிறோம்" என்று எல்லாரும் சொல்வார்கள், டன்ஜன் மாஸ்டரும் சரி என்பார். எட்டு மணி நேர லாங் ரெஸ்ட் முடிந்தால் விசார்டின் கையிருப்பு முழுதும் திரும்பிவிடும். ஃபைட்டருக்கு அந்தத் தூக்கத்தில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அன்று குகைச் சண்டை முடிந்ததும் தூங்க அனுமதித்தது நான்தான். கிளாஸைக் குறை சொல்வதற்கு முன் நான் பார்த்திருக்க வேண்டிய இடம் அது.

இந்தச் சமமின்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஐம்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். டி அண்ட் டிக்கு முன்னோடி செயின்மெயில், 1971இல் வெளியான போர் விளையாட்டு விதிகள். மேஜையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடுவது. அதன் மாயாஜாலப் பிற்சேர்க்கையில் ஹீரோ என்பவர் நான்கு சாதாரணப் படைவீரர்களுக்குச் சமம். விசார்டின் நெருப்புப் பந்தோ பெரிய கவண்பொறி எறியும் கல்லின் அளவுக்குப் பரப்பை அழிக்கும். ஒருவர் காலாட்படை, இன்னொருவர் பீரங்கி. படைக்கு இருவரும் தேவை, யார் பலசாலி என்று காலாளையும் பீரங்கியையும் யாரும் ஒப்பிடுவதில்லை. ஏனென்றால் ஒரே ஆட்டக்காரர்தான் இரண்டையும் நகர்த்துவார்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் டி அண்ட் டியை வெளியிட்டபோது அந்தப் பொம்மைகளுக்கு ஆளுக்கொரு ஆட்டக்காரர் வந்துவிட்டார். ஃபைட்டிங் மேன் (இன்றைய ஃபைட்டர்), மேஜிக் யூசர் (இன்றைய விசார்ட்), கிளெரிக் (பூசாரி) என்று மூன்றே கிளாஸ். அடுத்த ஆண்டு தீஃப் (இன்றைய ரோக்) சேர்ந்தது. படையாக இருந்தபோது பிரச்சினையாகத் தெரியாதது, நான்கு நண்பர்கள் ஆளுக்கொரு தாளோடு உட்கார்ந்ததும் பிரச்சினையாகிவிட்டது. என் நண்பரின் கேள்விக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பழைய விதிகளில் அதற்குக் கடிவாளங்கள் இருந்தன, கடுமையான கடிவாளங்கள். 1978இன் அட்வான்ஸ்ட் பதிப்பில் மேஜிக் யூசரின் உயிர்ப் பகடை நான்கு முகம், ஃபைட்டருக்கோ பத்து முகம். முதல் லெவலில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால் மந்திரம் போச்சு. இரண்டாம் லெவலுக்கு ஏற தீஃபுக்கு 1,251 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2,001, மேஜிக் யூசருக்கு 2,501. பலமில்லாமல், மெதுவாக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பல மாதம் ஊர்ந்து வந்தவர்தான் கடைசியில் பேராற்றல் பெற்றார். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் அதை நியாயமான பேரமாகவே பார்த்தார்கள். பாதி மேஜிக் யூசர்கள் அந்த இடத்தை எட்டும் முன்பே எலும்புக்கூடுகளிடம் செத்துப்போனார்கள் என்பதும் அந்தப் பேரத்தில் அடக்கம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தக் கடிவாளங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தது. எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை. எதிரி பக்கத்தில் நின்றாலும் பாதுகாப்பாக மந்திரம் போட வழி. புத்திசாலித்தனம் கூடினால் கூடுதல் மந்திரங்கள். நோக்கம் நல்லதுதான், தொடக்க லெவல்களின் சித்திரவதை குறைந்தது. ஆனால் விலை குறைந்தது, சரக்கு அப்படியே இருந்தது. ஃபைட்டர் நேர்க்கோட்டில் வளர்கிறார், விசார்ட் இருபடியில் வளர்கிறார் என்ற பேச்சு ஆட்டக்காரர்களிடையே நிலைத்தது இந்தப் பதிப்பின் காலத்தில்தான்.

2008இன் நான்காம் பதிப்பு நேரடியாகவே கத்தியை வைத்தது. ஃபைட்டரோ விசார்டோ, எல்லாருக்கும் எப்போதும் ஆடக்கூடிய திறன், சண்டைக்கு ஒருமுறை ஆடும் திறன், நாளுக்கு ஒருமுறை ஆடும் திறன் என ஒரே சட்டகம். எடைபோட்டால் இதுதான் மிகச் சமமான பதிப்பு. நாள் நீண்டாலும் சுருங்கினாலும் எல்லாரும் ஒன்றாகவே ஏறி இறங்கினார்கள். ஆனால் எல்லாக் கிளாஸும் ஒரே மாதிரி இருக்கிறதே என்ற குறையோடு பலர் விலகிப் போனார்கள். எனக்கு அந்தப் பதிப்பின் மேல் மரியாதை உண்டு, ஃபைட்டர் ஆடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் யோசித்து முடிவெடுக்க முழுமையாக இடம் கொடுத்த பதிப்பு அதுதான். 2014இல் பழைய வித்தியாசங்கள் திரும்பி வந்தன. கூடவே சமநிலையின் சுமை முழுவதும் "நாளுக்கு ஆறு சண்டை" என்ற அனுமானத்தின் தோளில் ஏறியது.

இதுவரை சேதத்தை மட்டுமே எண்ணினேன். அதுவே போதாத அளவுகோல். என் கணக்கில் விசார்டுக்கு நான் கொடுத்த மந்திரங்கள்கூட நல்ல விசார்ட் ஒருவர் தேர்ந்தெடுப்பவை அல்ல.

மூன்று ஓகர்கள் எதிரே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓகர் ஒன்றுக்கு 59 ஹிட் பாயின்ட், மொத்தம் 177. விசார்டிடம் ஒரே ஒரு மூன்றாம் லெவல் ஸ்லாட். ஃபயர்பால் போட்டால் மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 73 சேதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ஓகர்கூடச் சாகவில்லை. பாதி உயிரோடு இருக்கும் ஓகரின் தடி முழு உயிரோடு இருக்கும் ஓகரின் தடியைப் போலவேதான் விழும். ஏசி 18 உள்ள ஃபைட்டரை ஒரு ஓகர் அடித்தால் சுற்றுக்குச் சராசரி 6 சொச்சம், மூன்று அடித்தால் 19.

அதே ஸ்லாட்டில் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் போடட்டும். காற்றில் வண்ண ஜாலம் ஒன்று சுழல்கிறது. பார்த்தவர்கள் மனவுறுதிக்குப் பகடை உருட்ட வேண்டும். ஓகரின் மனவுறுதி மோசம், விசார்டின் மந்திரத்துக்கான 15ஐத் தொட பகடையில் 17 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். எண்பது சதவீதம் மாட்டிக்கொள்ளும். சேதம் சுழியம். ஆனால் மூன்றில் சராசரியாக இரண்டு, இரண்டரை ஓகர் வாயைப் பிளந்துகொண்டு அப்படியே நிற்கும், யாராவது அடிக்கும் வரை, அல்லது அவற்றின் கூட்டாளி வந்து உலுக்கும் வரை. மூன்று ஓகரோடு ஒரு சண்டை என்பது ஒரு ஓகரோடு மூன்று சண்டை என்று ஆகிவிடுகிறது. குழுவின் மேல் விழும் 19 சேதம் முதல் சுற்றில் 4க்குக் கீழே போய்விடுகிறது. டிபிஆர் அட்டவணையில் இந்த விசார்டின் பெயருக்கு நேராகச் சுழியம்தான் இருக்கும். சண்டையை வென்றவர் அவர்தான்.

எதிரி ஆட முடியாமல் இழக்கும் முறைகளை எண்ணுங்கள் என்று புது ஆட்டக்காரர்களிடம் நான் சொல்வது இதனால்தான். கோப்ளின் செத்தாலும் சரி, மயங்கி நின்றாலும் சரி, வெப் வலையில் சிக்கினாலும் சரி, அது ஆடாத ஒவ்வொரு முறையும் குழுவின் வரவு. 9ஆம் லெவலில் விசார்டுக்குக் கிடைக்கும் வால் ஆஃப் ஃபோர்ஸ் எதிரிக்குப் பகடை உருட்டும் வாய்ப்பைக்கூடத் தருவதில்லை, பாதிப் படையைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துப் பூட்டிவிடும். பெரிய டிராகன் மாதிரியான எதிரிகளுக்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்று நாளுக்கு மூன்று முறை தப்பிக்கும் உரிமை கொடுத்திருப்பதும் இந்த மாதிரி மந்திரங்களுக்குப் பயந்துதான். இந்த அளவுகோலில் பார்த்தால் விசார்டின் பலம் சேதக் கணக்கு காட்டியதைவிடக் கூடுதல். மேல் லெவல்களில் அந்த இடைவெளியை ஆறு சண்டையாலும் முழுக்க மூட முடியாது என்றே நினைக்கிறேன்.

கிளெரிக்கின் நிலைமை இன்னும் சுவாரசியமானது, வரவு இன்னொருவர் பேரில் எழுதப்படுகிறது. பிளெஸ் என்ற முதல் லெவல் மந்திரம் மூன்று பேருக்கு ஒவ்வொரு தாக்குதலிலும் ஒரு நான்குமுகப் பகடையைக் கூட்டித் தருகிறது, சராசரி 2.5. பார்க்க அற்பமான எண். கிரேட் வெப்பன் மாஸ்டர் வைத்திருக்கும் நம் ஃபைட்டரின் மேல் அதைப் போடுங்கள். 40 சதவீத வாய்ப்பு 52.5 ஆகிறது, 17.5 சேதம் 22.75 ஆகிறது. பக்கத்தில் நிற்கும் ரோக்குக்கு இன்னொரு 2.4. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஏழரை, நான்கு சுற்றுக்கு 30. அதே முதல் லெவல் ஸ்லாட்டில் விசார்ட் போடும் மேஜிக் மிஸைல் பத்தரையோடு முடிந்துவிடும். இத்தனைக்கும் அட்டவணையில் ஏறுவது ஃபைட்டரின் பெயர். "எங்கள் கிளெரிக் ஒன்றுமே செய்வதில்லை" என்று சொல்லும் குழுக்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இந்தக் கணக்கை அப்படியே ஃபைட்டருக்கும் திருப்பிப் போட வேண்டும். ஹிப்னாட்டிக் பேட்டர்ன், பிளெஸ், வெப் எல்லாமே கான்சன்ட்ரேஷன் மந்திரங்கள். போட்டவர் அடி வாங்கினால் உடல்வலுவுக்குப் பகடை உருட்டித் தேற வேண்டும், தவறினால் மந்திரம் கலைந்துவிடும். உடல்வலு +2 உள்ள விசார்டை ஒரு ஓகர் ஒருமுறை அடித்தால் கலையும் வாய்ப்பு 35 சதவீதம். ஷீல்டு மந்திரம் போட்டு ஏசியை 15லிருந்து 20ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் ஒரு ஸ்லாட். அந்த விசார்டின் ஹிட் பாயின்ட் 32 என்றால் ஃபைட்டருக்கு 44, தானே தேறிக்கொள்ளும் செகண்ட் விண்ட் தனி. குகையின் குறுகிய வாயில் கவசத்தோடு நின்று "என்னைத் தாண்டிப் போ" என்று ஒருவர் வழி மறிக்கும்போது அவர் காப்பது பின்னால் நிற்கும் விசார்டை மட்டும் அல்ல, அந்த மயங்கிய இரண்டு ஓகர்களின் மயக்கத்தையும்தான். பார்பேரியனுக்கு இது இன்னும் பொருந்தும். வெறி ஏறியிருக்கும்போது வெட்டு, குத்து, இடி எல்லாவற்றிலும் பாதிச் சேதம்தான் ஏறும். அந்தக் கிளாஸின் உண்மையான எண் எதிரி வீணாக்கிய அடிகளில் இருக்கிறது.

மற்ற கிளாஸ்களையும் தூக்கக் கணக்கில் வைத்தே பார்க்கலாம். பாலடின் இரண்டு உலகத்திலும் கால் வைத்தவர். ஃபைட்டரைப் போல இரண்டு அடி, கூடவே ஸ்லாட்டைச் செலவழித்து, சேதத்தைக் கூட்டும் டிவைன் ஸ்மைட். அடி விழுந்த பிறகு ஸ்மைட் போடலாமா என்று முடிவெடுக்கலாம் என்பதால் ஸ்லாட் வீணாவதே இல்லை. கிரிட்டிக்கல் விழும் வரை காத்திருந்து போட்டால் ஸ்மைட் பகடைகளும் இரட்டிப்பு. ஒரே சண்டை நாளில் விசார்டுக்குப் போட்டியாக நிற்கக்கூடியவர் இவர்தான். இன்னொரு மந்திரக் கிளாஸான வார்லாக்குக்கு 5ஆம் லெவலில் இரண்டே ஸ்லாட், ஆனால் ஷார்ட் ரெஸ்ட் எடுத்தாலே திரும்பிவிடும். இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கொடுக்கும் மேஜையில் நாளுக்கு ஆறு ஃபயர்பால் அளவு சரக்கு. ஷார்ட் ரெஸ்ட்டே எடுக்காத மேஜையில் இரண்டு. கிளாஸ் அதேதான், மூன்று மடங்கு வித்தியாசம்! வெறுங்கையால் சண்டையிடும் மாங்க்கின் நிலையும் இதேதான், திறன்களுக்குச் செலவாகும் கீ புள்ளிகள் ஷார்ட் ரெஸ்ட்டிலேயே நிரம்பிவிடும். இந்த இரண்டு கிளாஸும் பலவீனம் என்று யாராவது சொன்னால், அவர்கள் மேஜையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறும் பழக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

2024இன் திருத்தப்பட்ட விதிகள் இதில் சிலவற்றைத் தொட்டிருக்கின்றன. கிரேட்சோர்டு வைத்திருக்கும் ஃபைட்டரின் அடி தவறினாலும் வலிமை அளவுக்குச் சேதம் உண்டு. நம் ஃபைட்டருக்குச் சுற்றுக்கு ஏறக்குறைய 2.8 கூடுகிறது, தூக்கம் எதுவும் தேவையில்லாத கூடுதல். கிரேட் வெப்பன் மாஸ்டரின் குறி குறைப்பு எடுக்கப்பட்டுவிட்டது. பாலடினின் ஸ்மைட் ஒரு முறைக்கு ஒன்று என்று கட்டப்பட்டது. மாங்க்கின் வெறுங்கை அடிக்கான பகடை பெரிதானது. எல்லாமே வரவேற்கத்தக்க மாற்றங்கள். ஆனால் மூன்று ஓகர்களை மயக்கும் விசார்ட் இன்னும் அப்படியே இருக்கிறார், லாங் ரெஸ்ட்டும் அப்படியே.

என் மேஜையில் நான் மாற்றியது விதியை அல்ல, நாளை. அடுத்த சாகசத்தில் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் மாட்டியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, விடிவதற்குள் மீட்டாக வேண்டும். தூங்க நேரமில்லை, ஒரு மணி நேரம் இளைப்பாற மட்டும் இரண்டு இடம். ஒரு நாள் சாகசம்தான், ஆடி முடிக்க எங்களுக்கு மூன்று அமர்வு பிடித்தது. தாளில் ஸ்லாட்டுகளைப் பென்சிலால் குறித்து வைத்து, அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்கினோம்.

முதல் சண்டையில் விசார்ட் வழக்கம்போல ஃபயர்பாலோடு தொடங்கினார். மூன்றாவது சண்டையில் ஸ்கார்ச்சிங் ரே போடலாமா என்று இரண்டு நிமிடம் யோசித்தார். ஐந்தாவது சண்டையில் முழங்கால் அளவு தண்ணீரில், குறுகிய பாதையில், எதிரே இரண்டு ஓகர். விசார்ட் தன் தாளைப் பார்த்தார். முதல் லெவல் ஸ்லாட் ஒன்று மிச்சம், ஹிட் பாயின்ட் 9. ஃபைட்டர் நண்பர் கேட்கவே இல்லை, ஆக்‌ஷன் சர்ஜைச் சொல்லிவிட்டு நான்கு முறை பகடை உருட்டினார். மூன்று விழுந்தது. ஓகரின் தடி அவர் கவசத்தில் பட்டுத் தெறித்தபோது விசார்ட் ஆடுபவர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்: "நீ அங்கேயே நில்லுடா, நகராத."